பழசு எனக்கு வேண்டாம்

2025 மே 4, ஞாயிறு

கணினியைத் திறந்தால் திரை முழுக்க ஓர் அறிவித்தல். ஒக்ரோபருடன் விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடிகிறதாம். பதினொன்றுக்கு மாற வேண்டுமாம். ஆனால் இந்த மடிக்கணினிக்குப் பதினொன்றை ஏற்கும் தகுதி இல்லையாம். தகுதி! இருபத்திரண்டு வருடமாக வேலணையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பெட்டி எனக்கு முன்னால் இருந்துகொண்டு தகுதி பற்றிக் கதைக்கிறது.

பெட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அது நிருஜா தந்தது. சூரிச்சில் இருக்கும் என் தங்கை இதுவரை எனக்கு எதைப் புதிதாகத் தந்திருக்கிறாள்? அவள் போட்டு அலுத்த கம்பளிச் சட்டை - இந்த வெயிலுக்கு! அவள் பூசி மிச்சம் விட்ட வாசனைச் சென்ற். கண்ணாடி வெடித்த போன். 2019இல் தனக்குப் புதுசு வாங்கிய கையோடு கழித்துவிட்ட இந்தக் கணினி. இதன் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது. வயரைக் கழற்றினால் கணினியும் செத்துவிடும். "நல்ல சாமான் அக்கா, கவனமா வைச்சிருங்கோ" என்றுதான் எல்லாவற்றையும் தருவாள்.

அவள் கழித்துவிடாத ஒன்று என்னிடம் உண்டென்றால் அது சனிக்கிழமை வகுப்பு. பேர்ன் நகரில் பதினொரு பிள்ளைகள், இங்கிருந்து நான், இணையத்தில் தமிழ். நிருஜா சொல்லிக் கிடைத்ததல்ல. நானாக எழுதிக் கேட்டு, நேர்முகம் கொடுத்துக் கிடைத்தது. இப்போதைக்குத் தற்காலிகம். தை மாதம் பெற்றோர் சங்கத்தார் ஒரு வகுப்பில் இருந்து பார்த்து, பிடித்தால் நிரந்தரமாக்குவார்களாம். அதுவரைக்கும் இந்தப் பெட்டி உயிரோடு இருக்க வேண்டும்.

2025 மே 7, புதன்

பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் தாரிகாவிடம் சொன்னேன். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் எண்டு ஒண்டு இருக்காம் அக்கா. பழைய கம்பியூட்டரிலையும் ஓடுமாம். சும்மாவாம்" என்றாள். அவளுக்கு எல்லாம் 'ஆம்'. ஒன்றையாவது நேரில் பார்த்தவள் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். லினக்ஸ் ஒன்றல்ல, நூறு! எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றுக்கு இரண்டு நிர்வாக சபை, வழக்கு நடக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தவள் நான். இங்கே நூறு சபை. உபுண்டுக்காரன் மின்ட்காரனை ஏசுகிறான், இரண்டு பேரையும் டெபியன்காரன் மனிதராகவே மதிப்பதில்லை. "நான் புதியவள், எதைப் போடலாம்?" என்று யாரோ ஒரு பாவம் கேட்டிருக்கிறது. கீழே நாற்பது பதில். நாற்பதும் தங்களைப் பற்றியே. யூரியூப்பில் ஒருவர் ஏழு நிமிடம் வணக்கம் சொன்னார்.

2025 மே 9, வெள்ளி

உபுண்டு என்று முடிவெடுத்தேன். ஏசுகிறவர்கள் ஆகக் கூட அதைத்தான் ஏசுகிறார்கள், அப்படியென்றால் ஆகக் கூடப் பேர் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

இனி அதற்குள் எது? ஆறு மாதத்துக்கு ஒன்று வெளிவிடுகிறார்கள். வெளிவந்த ஆண்டும் மாதமும்தான் எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணியின் பெயர் வேறு! 24.04 கறையான் தின்னும் ஏதோ அவுஸ்திரேலியப் பிராணி. 25.04 ஒரு கடற்பறவை. வளர்ந்த மனிதர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

2025 மே 10, சனி

வகுப்பு முடிந்ததும் நிருஜா போன் எடுத்தாள். வாய் தவறி லினக்ஸ் பற்றிச் சொல்லிவிட்டேன். உடனே போனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டாள். பிரவீனன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பராமரிக்கிறவர். இதுவரை என்னோடு பத்து வசனத்துக்கு மேல் கதைத்ததில்லை. இன்றைக்குக் கதைத்தார்.

"அக்கா, 24.04 போடுங்கோ. 25.04 வேண்டாம்."

"ஏன்? புதுசு வந்திட்டுதெல்லோ?"

"அது உங்களுக்குத் தேவையில்லை அக்கா. பழசு காணும்."

பழசு காணும்.

எனக்குப் பழசே போதுமாம்! கேட்டதும் காது சூடாகிவிட்டது. "சரி, யோசிக்கிறன்" என்று வைத்துவிட்டேன். என்ன துணிவு! சட்டை பழசு, போன் பழசு, சென்ற் பழசு. சரி, அதெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற சாமான், கஞ்சத்தனம் என்று விடலாம். இது உலகத்துக்கே சும்மா கிடைக்கிற பொருள். இரண்டும் ஒரே விலை - ஒன்றுமில்லை! சும்மா கிடைப்பதிலும் எனக்குப் பழசுதானா? எங்களுக்குப் பழசைத் தள்ளித் தள்ளி, இப்போது அவர்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. தீவில் இருக்கிறவளுக்கு உது காணும். உதுதான் அவையின்ரை எண்ணம்.

2025 மே 11, ஞாயிறு

வாசித்துப் பார்த்தேன். 24.04க்கு ஐந்து வருட ஆதரவு, 25.04க்கு ஒன்பது மாதம். அதனாலென்ன? ஒன்பது மாதத்தில் இன்னொரு புதுசு வரும், அதைப் போடுவேன். ஐந்து வருடத்துக்கு ஒன்றையே கட்டிக்கொண்டு அழ நான் என்ன பிரவீனனா?

25.04. தீவுக்காரிக்குக் கடற்பறவைதான் பொருத்தம்.

2025 மே 17, சனி

யாழ்ப்பாணம் போய் ஒரு கம்பியூட்டர் கடையில் அதைப் பென்ட்ரைவில் தரவிறக்கி வந்தேன். கடைக்காரப் பெடியனும் "24.04 தானே மிஸ்?" என்றான். இவனுக்கும் பிரவீனன் போன் எடுத்தவரோ?

2025 மே 18, ஞாயிறு

வெற்றி.

காலை எட்டுக்குத் தொடங்கினேன். பென்ட்ரைவைச் செருகிக் கணினியைத் திறந்தால் அது பேசாமல் விண்டோஸுக்குப் போகிறது. நாலு முறை. ஐந்தாம் முறை, திறக்கும்போதே F12 விசையை விடாமல் தட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தேன். நானாக! 'நிறுவாமல் பார்' என்று ஒரு வழியும் காட்டியது. நிறுவாமல் எதைப் பார்க்கிறது? பயந்த ஆட்களுக்காக வைத்திருக்கிறார்கள். நேரே நிறுவு என்று அழுத்தினேன்.

உபுண்டுக்காரருடைய தமிழ் மொழிபெயர்ப்பை எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். இருந்தாலும் பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. கடற்பறவை திரையில் வந்து நின்றது. நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக இந்த வீட்டில் ஒரு பொருள், இதற்கு முன்னர் ஒருவர் கையிலும் இருந்திராதது.

தாரிகாவுக்குப் படம் அனுப்பினேன். நிருஜாவுக்கு அனுப்பவில்லை.

2025 யூன் 14, சனி

வகுப்பின் நடுவில் சத்தம் நின்றுவிட்டது. பதினொரு பிள்ளைகளும் வாயை அசைக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. திருத்தினேன். எப்படித் திருத்தினேன் என்று கேட்டால் தெரியாது. யாருக்கும் சொல்லப் போவதுமில்லை.

2025 யூலை 6, ஞாயிறு

நிருஜாவும் பிரவீனனும் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வந்திருக்கிறார்கள். நாலு நாள் என் வீட்டில். வந்தவுடன் சமைக்கிற குசினியைப் பார்த்து "அப்பிடியே இருக்கு!" என்றாள். பின்னே, தானாக நடந்து போகுமா?

பிரவீனன் பின்னேரம் தன் கணினியைத் திறந்தார். நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் பார்த்தேன். திரையில் பெரிய சொறிமுட்டைப் படம், கடலில் காலில் பட்டால் தடிக்குமே, அது. எந்த எண் என்று கேட்டேன். 22.04. இருபத்திரண்டு! மூன்று வருடப் பழசு! என்னுடையது இருபத்தைந்து, அவருடையது இருபத்திரண்டு.

"ஏன் இன்னும் பழசு வைச்சிருக்கிறீர்?" என்று மெல்லக் கேட்டேன், என்னுடையது 25.04 என்றும் காதில் போட்டுவைத்தேன்.

"ஆஸ்பத்திரியிலையும் உதுதான் அக்கா. ஒப்பறேசன் நடக்கேக்கை புதுசு பழகேலாதெல்லோ."

ஆஸ்பத்திரிக்காரரும் இவரைப் போலக் கஞ்சர்கள் போலிருக்கிறது. சுவிஸ் என்று பெத்த பெயர்.

2025 யூலை 8, செவ்வாய்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். ஏறிய பிறகு, இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பிரவீனன் என் காதருகே குனிந்து, "அக்கா, உங்கடை 25.04 ஜனவரியிலை முடியும். அதுக்கு முதல் மாத்தவேணும். மாத்தேக்கை கரண்ட் நிண்டால்…" என்று தொடங்கினார்.

"நயினாதீவுக்குப் படகிலை போகேக்கை கம்பியூட்டர் கதைக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? அதை நான் பாத்துக்கொள்ளுவன்."

"சரி அக்கா" என்றார். பிறகு வழி நெடுகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். நிருஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும்.

2025 யூலை 10, வியாழன்

போய்விட்டார்கள். வழக்கம்போல உடுப்புப் பை ஒன்றை, அவள் பாசையில் பாக், விட்டுப் போயிருக்கிறாள். "திறந்து பாருங்கோ அக்கா, மறக்காதேங்கோ." மேலே சிப் கொஞ்சம் திறந்திருந்தது, பிளவுஸ் ஒன்றின் கை தெரிந்தது. பழசு. அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

2025 ஓகஸ்ற் 3, ஞாயிறு

நிருஜா எடுத்தாள். "பாக்கைத் திறந்து பாத்தனீங்களே?" "ஓம் பாத்தனான். எல்லாம் அளவு." நன்றி கேட்டு அலைகிற குரல் எனக்குத் தெரியாதா?

2025 ஒக்ரோபர் 14, செவ்வாய்

இன்றோடு விண்டோஸ் பத்து முடிந்தது. பாடசாலை அலுவலகக் கணினியில் அந்த அறிவித்தல் வந்து நிற்கிறது, ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், செத்தவீடு மாதிரி. நான் பார்க்கப் போகவில்லை. தாரிகா மட்டும் "நீங்கள் கெட்டிக்காரி அக்கா" என்றாள். அது இப்போதுதான் தெரிந்ததாக்கும்.

2025 நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும்: "பாக்கைத் திறந்தனீங்கள்தானே? அடியிலையும் பாத்தனீங்களே?" அடியில் என்ன, அரைப் போத்தில் சென்ற் இருக்கும். "ஓம் ஓம், எல்லாம் பாத்தனான், சந்தோசம்" என்றேன்.

2026 ஜனவரி 3, சனி

சங்கத்திலிருந்து கடிதம். 17ஆம் திகதி, பின்னேரம் இரண்டரைக்கு நடக்கும் வகுப்பில் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்து பார்ப்பார்களாம். சென்னையிலிருந்தும் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறாராம். அதைக் கடிதத்தில் எழுத வேண்டிய அவசியம் என்ன?

எட்டு மாதப் பாடங்கள், படங்கள், பயிற்சிகள், எல்லாம் இந்தக் கணினிக்குள். ஒவ்வொன்றும் என் கையால் செய்தது. வரட்டும் சென்னை.

2026 ஜனவரி 15, வியாழன்

பொங்கிவிட்டு வந்து கணினியைத் திறந்தால், திரையின் நடுவில்: உங்கள் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, அடுத்த பதிப்புக்கு மாறுங்கள். மூடினேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்தது.

நாளை மறுநாள் மூன்று பேர் முன்னிலையில் திரையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும்போது இது எழும்பி வந்தால்? விண்டோஸ்காரரைப் பார்த்துச் சிரித்தவளுக்கு இது தேவைதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளை மாற்றிவிடுவேன். புதுசுக்குப் போக எனக்கென்ன பயம்.

2026 ஜனவரி 16, வெள்ளி. பின்னேரம் ஐந்து மணி

போச்சு.

இரண்டு மணிக்குத் தொடங்கினேன். நாலு மணிக்கு முக்கால்வாசி. நாலு பத்துக்குக் கரண்ட் நின்றது. அவ்வளவுதான். மின்கலம் இல்லாத கணினி, படக்கென்று அணைந்தது. நாலரைக்குக் கரண்ட் வந்தது. கணினி வரேல்லை. கறுப்புத் திரை, மேலே வெள்ளை எழுத்தில் நாலு வரி, அதோடை நிக்குது. அணைச்சுத் திறந்தன். ஆறு தரம். அதே நாலு வரி.

என்ரை பாடமெல்லாம் உள்ளுக்கை. எட்டு மாசம். நான் என்ன செய்வன் இப்ப?

கரண்ட் நிண்டால் எண்டு அந்த மனுசன் படகிலை சொல்ல வந்தது உதைத்தான். சொல்ல விட்டனானே?

அதே நாள், ஏழு மணி

நிருஜாவுக்கு எடுக்கலாம் என்று இரண்டு முறை போனைத் தூக்கினேன். எடுத்து என்ன சொல்வது? புதுசு வேண்டுமென்று நின்றேன், புதுசு என்னைக் கைவிட்டுவிட்டது என்றா? மாட்டேன். கண்ணாடி வெடித்த போனிலாவது வகுப்பை நடத்துவேன் என்று பார்த்தால், அந்தத் திரையில் பதினொரு முகமும் பதினொரு அரிசியாகத்தான் தெரியும். அப்போதுதான் அலுமாரிக்கு மேலே இருந்த பாக் ஞாபகம் வந்தது. யூலையில் வந்தபோது அவள் கையில் புதுப் போன் இருந்தது. பழையதை இதற்குள் போட்டிருப்பாள், நிச்சயம் போட்டிருப்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளது பழசு ஒன்று இருக்க வேண்டுமென்று கும்பிட்டேன்.

ஆறு மாதத் தூசி. போன் இல்லை. பிளவுஸ் இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று, அரைப் போத்தில் சென்ற். நான் சொன்னது ஒன்றும் பிழையில்லை. அடியில் ஒரு தபாலுறை. அதற்குள் இரண்டு பென்ட்ரைவ். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரரைச் சுற்றி, ஒன்றில் 'ஜனவரிக்கு', மற்றதில் 'பாடங்களுக்கு' என்று எழுதியிருந்தது. ஒரு தாள், பிரவீனனின் கையெழுத்து:

"அக்கா, இதிலை 24.04 இருக்கு. ஜனவரியிலை மாத்தேக்கை கரண்ட் நிண்டு கணினி திறக்காட்டிப் பயப்பிடாதேங்கோ. உங்கடை பாடங்கள் அழியாது. இதைச் செருகி, முதல் 'நிறுவாமல் பார்' எண்டதை அமத்துங்கோ. உங்கடை கோப்புகளைத் தேடி மற்றப் பென்ட்ரைவிலை பிரதி எடுங்கோ. எடுத்து முடிச்சாப் பிறகுதான் நிறுவுங்கோ. எந்த நேரமெண்டாலும் எனக்கு எடுங்கோ. நான் முழிச்சிருக்கிறனான்."

எழுத்துப் பிழை ஐந்து. சிவப்புப் பேனையை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

படகில் நான் அவரின் வாயை அடைத்தபிறகு, அந்த மனுசன் வீட்டுக்கு வந்து எனக்குத் தெரியாமல் இருந்து இதைச் செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன், தமிழில் வேறு சொல் இல்லை.

2026 ஜனவரி 17, சனி

காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். பயந்த ஆட்களுக்கென்று நான் சிரித்த அந்த 'நிறுவாமல் பார்' தான் என் பாடங்களை வெளியே எடுத்துத் தந்தது. ஒன்றும் குறையவில்லை. ஒன்பதரைக்கு 24.04 ஏறிவிட்டது. கடற்பறவை போய்விட்டது, கறையான் தின்னி வந்துவிட்டது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை! எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்காகவா நான் எட்டு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்?

இரண்டரைக்கு வகுப்பு. தலைவர் வந்திருந்தார். கழுத்துப்பட்டியோடு, வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு கழுத்துப்பட்டி! ஒரு மணித்தியாலம் திரையில் என் பாடங்களைத் தவிர வேறு ஒன்றும் எழும்பவில்லை. முடிவில், "ரீச்சர், உங்கடை இணையத் தொடர்பு ஒருக்காலும் அறுந்துபோகேல்லை" என்றார். நான் படிப்பித்தது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படித்த மனிதர்தான்.

2026 ஜனவரி 18, ஞாயிறு

நிருஜாவுக்கு நானாக எடுத்தேன்.

"பாக்கைத் திறந்தனான்" என்றேன்.

"எப்ப?"

"முந்தநாள்."

"அப்ப… ஆறு மாசமா எனக்குப் பொய் சொன்னனீங்களோ அக்கா?"

"ஓம்."

சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அழுதாள் போலிருந்தது. தான் போட்டுப் பார்த்து நல்லாக இருந்ததைத்தான் எனக்குத் தருவதாகவும், கடையில் கண்டதை வாங்கி அனுப்ப மனம் வருவதில்லை என்றும் சொன்னாள். பாதி உண்மை. அந்தச் சென்ற் நல்ல சென்ற் இல்லை.

பிரவீனனோடும் கதைத்தேன். நன்றி என்று சொல்ல நினைத்து, "உம்மடை தமிழிலை பிழை கனக்க" என்று சொல்லிவிட்டேன். "ஓம் அக்கா, நீங்கள்தான் படிப்பிக்கவேணும்" என்றார். அந்த மனிதரை ஏன் இவ்வளவு காலமும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணமும் அகப்படவில்லை.

2026 பெப்ரவரி 6, வெள்ளி

நிரந்தரக் கடிதம் வந்தது. சென்னைக்காரருக்கு வேறு வேலை கிடைக்கட்டும்.

2026 பெப்ரவரி 20, வெள்ளி

தாரிகாவும் தன் கணினிக்கு லினக்ஸ் போடப் போகிறாளாம். இடைவேளையில் வந்து, "அக்கா, ஆகப் புதுசு எது? 25.10 தானே?" என்றாள்.

"24.04 போடும். 25.10 வேண்டாம்."

"அது பழசெல்லோ?"

"உமக்கு அது காணும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவளுடைய முகம் மாறியது. உதடு லேசாக இறுகியது, கண் ஒருமுறை என்னை அளந்தது. தான் மட்டும் கெட்டிக்காரி, மற்றவைக்குப் பழசைத் தள்ளுறா. அந்தப் பார்வையை நான் எழுத்தெழுத்தாக வாசிப்பேன். எட்டு மாதம் என் முகத்தில் இருந்த பார்வை அது.

"யோசிக்கிறன் அக்கா" என்றாள்.

2026 பெப்ரவரி 23, திங்கள்

நினைத்தபடியே 25.10 போட்டுவிட்டாள். படமும் அனுப்பினாள். அது யூலையில் முடியும். சொல்லத் தொடங்கினேன், "நான் பாத்துக்கொள்ளுவன் அக்கா" என்றாள்.

2026 பெப்ரவரி 27, வெள்ளி

நிருஜாவின் பிளவுஸ் இரண்டும் எனக்கு அளவில்லை. மெலிந்தவள் தாரிகா, அவளுக்கு அளவாக இருக்கும். ஒரு பையில் மடித்து வைத்து இன்று கொடுத்தேன். வாங்கிய விதத்திலேயே தெரிந்தது, பழசு என்று கண்டுவிட்டாள். பையின் அடியில் ஒரு தபாலுறை, இரண்டு பென்ட்ரைவ், ஒரு தாள். பாடசாலை முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்ரர் கொஞ்சம் எடுத்து, 'யூலைக்கு' என்று எழுதி ஒட்டினேன்.

பின்னேரம் போன் எடுத்தேன்.

"பையைத் திறந்து பாத்தனீரே?"

"ஓம் அக்கா, பாத்தனான். எல்லாம் அளவு."

அவள் பார்க்கவில்லை.